திரும்பத் திரும்ப வந்த கட்டுரை

ஜூன் 4

மாப்பிள்ளைக்கு,

நலம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்கிறேன். முதலில் இந்தக் கையெழுத்தை நன்றாகப் பார். யாரையாவது உட்காரவைத்துச் சொல்லச் சொல்ல எழுதியது இல்லை. என் கைதான். இந்த வரிக்கு வருவதற்குள் டீ ஆறிவிட்டது. ஆறட்டும்.

இந்த ஊரில் மகள் வீட்டுக்கு அடுத்த தெருவில் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு நடக்கிறது. போன வருஷம் சேர்ந்தேன். லிஃப்ட் ஓட்டின காலமெல்லாம் எனக்கு எண்கள் மட்டும்தான் தெரியும். அதுவும் பதினொன்று வரைக்கும்; கட்டடத்துக்கு அவ்வளவு மாடிதான். இப்போது கடைப் பலகை, சுவரொட்டி, பஸ்ஸில் எழுதியிருக்கிற எச்சரிக்கை, எல்லாவற்றையும் வாசிக்கிறேன். "அப்பா, மனசுக்குள்ள படிங்க, எல்லாரும் பாக்கறாங்க" என்கிறாள் மகள். பார்க்கட்டும் என்று இன்னும் சத்தமாக வாசிக்கிறேன்.

இன்னொரு சேதி. எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. உன் வேலை.

சிரிக்காதே. தேர்வு அலுவலகத்தில் பள்ளிப் பிள்ளைகள் எழுதிய கட்டுரைகளைப் பார்த்து எது நல்லது என்று சொல்ல ஆள் எடுத்தார்கள். ஆசிரியர்கள் வேண்டாமாம். வாசிக்கத் தெரிந்த சாதாரண ஆட்கள் போதுமாம். திரையில் இடது பக்கம் ஒரு கட்டுரை, வலது பக்கம் ஒரு கட்டுரை. எது மேலோ அதன் கீழே அமுக்க வேண்டும். மதிப்பெண் இல்லை, சிவப்பு மை இல்லை. ஒரே கட்டுரையைப் பல பேர் வேறு வேறு கட்டுரைகளோடு வைத்துப் பார்ப்பார்கள். எல்லாருடைய முடிவையும் சேர்த்து மேலிருந்து கீழாக வரிசை போடுவார்கள்.

"எதை வச்சும்மா நல்லதுன்னு சொல்றது?" என்று மேற்பார்வை அம்மாவிடம் கேட்டேன்.

"படிச்சா எது பிடிக்குதோ அதுதான்யா. ரொம்ப யோசிக்காதீங்க."

எனக்கு ஒரு பக்கம் தையல்காரர், மறு பக்கம் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். நான் ஒரு ஜோடி முடிப்பதற்குள் கண்டக்டர் ஒரு வண்டி ஆளை ஏற்றி இறக்கிவிடுகிறார்.

நீ காலமெல்லாம் கட்டுரை திருத்தினவன். நல்ல கட்டுரை என்றால் எது? ஒரு வரி எழுது. உன் அக்கா கண்ணை மூடின பிறகு நீ என்னோடு பேசவில்லை. பேச வேண்டாம், எழுது. எனக்குத்தான் இப்போது வாசிக்கத் தெரியுமே.

அத்தான்


ஜூன் 15

அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. பிழைகளைத் திருத்தி இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பழக்கம் விடவில்லை.

நான் பேசாமல் இருந்ததற்குக் காரணம் உங்களுக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அக்கா போன ஒரு மாதத்தில், நீங்கள் லிஃப்ட் ஓட்டின கட்டடத்து மொட்டை மாடி வீட்டைக் காலி செய்து, சாவியை ஒப்படைத்துவிட்டு, மகளோடு ரயிலேறிவிட்டீர்கள். ஒரு நாள் வந்து அந்தச் சமையலறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன் என்று கேட்டேன். "அங்க என்ன இருக்கு உக்கார?" என்றீர்கள். மறந்திருந்தால் இதோ எழுத்தில் தந்திருக்கிறேன். வாசித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வேலையைப் பற்றி. எங்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பியதும் அதே அலுவலகம்தான். ஒரே கட்டுரைக்கு இரண்டு ஆசிரியர்கள் இரண்டு விதமாக மதிப்பெண் போடுகிறோமாம். ஆகவே தையல்காரர், கண்டக்டர், லிஃப்ட் ஓட்டினவர். அடுத்ததாகப் பல் பிடுங்குவதற்கும் இப்படி ஆள் எடுப்பார்கள். இப்போதே விண்ணப்பித்து வையுங்கள்.

கேட்டதற்காகச் சொல்கிறேன். ஒரு பிள்ளை எதை வேண்டி எழுதுகிறது என்று பாருங்கள். அது வாசிக்கிறவனுக்குத் தெரிந்தால் நல்ல கட்டுரை. மற்றதெல்லாம் அலங்காரம்.

கையெழுத்து மோசமில்லை.

இப்படிக்கு,
மைத்துனன்


ஜூலை 2

மாப்பிள்ளை,

நீ திருத்தி அனுப்பியதைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். எவ்வளவு சிவப்பு. அறையே களையாக இருக்கிறது.

இதை நின்றுகொண்டு வாசிக்காதே. உட்கார்.

இந்த வருஷம் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே தலைப்பு: எங்கள் வீட்டில் கேட்கும் ஓசைகள். பெரும்பாலும் மிக்ஸி, டிவி, அப்பாவின் குறட்டை. ஊரில் உள்ள குறட்டையெல்லாம் வாசித்துவிட்டேன். நேற்று இடது பக்கம் ஒரு கட்டுரை வந்தது. பெயர் இருக்காது, எண் மட்டும்தான். மெதுவாக வாசிக்கிறவனுக்கு ஒரு லாபம் உண்டு, வாசித்தது நெஞ்சிலேயே நின்றுவிடும். வீட்டுக்கு வந்து அப்படியே எழுதினேன். பார்:

"எங்கள் வீடு பதினோராவது மாடிக்கும் மேலே, மொட்டை மாடியில், லிஃப்ட் மோட்டார் அறையை ஒட்டி இருக்கிறது. லிஃப்ட் கிளம்பினால் எங்கள் சுவர் நடுங்கும். சமையலறைக் கதவைத் தூக்கித்தான் மூட வேண்டும். அதன் அடியில் யாரோ லிஃப்ட் கதவு ரப்பரை வெட்டி ஆணியடித்திருக்கிறார்கள். அதனால் அந்தக் கதவுக்கு ஓசை இல்லை. அம்மா கீழே ஒவ்வொரு மாடியாகத் துடைத்துவிட்டு இருட்டும்போது வருவார். நான் பள்ளி விட்டு வந்ததும் பாலைச் சூடு பண்ணுவேன். பால் பொங்கி வரும்போது ஒரு பெண் 'இரு, இரு, வந்துட்டேன்' என்று சொல்வார். கோபமாகச் சொல்ல மாட்டார். பாலிடம் சொல்வதுபோலச் சொல்வார். திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். அம்மாவிடம் சொன்னேன். பக்கத்து வீட்டு ரேடியோ என்றார். எங்களுக்குப் பக்கத்து வீடு கிடையாது. இப்போது நான் பால் சூடு பண்ணுவதில்லை. அம்மா வரும்வரை படிக்கட்டில் உட்கார்ந்திருப்பேன். அங்கே லிஃப்ட் ஓசை மட்டும்தான்."

ரப்பரை ஆணியடித்த அந்த 'யாரோ' நான்தான், மாப்பிள்ளை. கதவு படார் என்று சாத்தினால் உன் அக்காவுக்குத் தலைவலி வரும். பால் பொங்கும்போது 'இரு, இரு, வந்துட்டேன்' என்பதும் அவள் பேச்சுதான்.

'அங்க என்ன இருக்கு' என்று நான் கேட்டதை எழுதியிருந்தாய். அவள் போன பிறகு தினமும் அந்த அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றேன். பொங்கட்டும், வருவாள் என்று நின்றேன். பொங்கி வழிந்து அடுப்பு அணைந்ததுதான் மிச்சம். ஒரு சத்தம் இல்லை. அதனால்தான் சாவியைக் கொடுத்தேன். எனக்குக் கேட்காதது யாரோ ஒரு பிள்ளைக்குக் கேட்கிறது. கொஞ்சம் பொறாமைதான். ஆனால் இருக்கிறாள். அங்கேயே இருக்கிறாள்.

இடது பக்கம் அமுக்கினேன். அமுக்கின அமுக்கில் மேசை ஆடிவிட்டது. "என்ன பெரியவரே, லாட்டரி விழுந்துடுச்சா?" என்றார் கண்டக்டர். ஆமாம் என்றேன்.

அத்தான்


ஜூலை 10

அத்தானுக்கு,

தேர்வுக் கட்டுரையை வெளியே எழுதிக் காட்டுவது குற்றம். தெரிந்த வீடு என்று புரிந்த உடனே எழுந்து போய் அந்த மேற்பார்வை அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். எந்தத் தேர்வாளனும் செய்யாத காரியம். தேர்வாளன் அல்லாதவரிடம் இதைச் சொல்லி என்ன பயன்.

பிள்ளைகள் கற்பனை செய்யும். நாள் முழுக்கத் தனியாக இருக்கிற பிள்ளை கூடுதலாகச் செய்யும். பால் பொங்கினால் உலகத்தில் பாதிப் பேர் அதே சொல்லைத்தான் சொல்வார்கள். என் அக்காவைக் கட்டுரைச் சரக்கு ஆக்காதீர்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். 'கோபமாகச் சொல்ல மாட்டார்' என்பது பிள்ளை எழுதியதா, நீங்கள் சேர்த்ததா? சிறுவனாக இருந்தபோது வாசலில் நின்றுகொண்டு கதவைத் திற, கதவைத் திற என்று கத்துவேன். அக்கா உள்ளேயிருந்து அதையேதான் சொல்லும். கோபம் இருக்காது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அந்தக் கட்டடம் என் வீட்டிலிருந்து ஒரே பஸ். முடிவு வரும்வரை அந்தப் பக்கம் போவதாக இல்லை. தேர்வு எழுதின பிள்ளையைத் திருத்துகிறவன் பார்க்கக் கூடாது. நான் இப்போது திருத்துகிறவன் இல்லைதான். இருந்தாலும்.

மைத்துனன்


ஜூலை 24

மாப்பிள்ளை,

ஒரு எழுத்துகூட நான் சேர்க்கவில்லை. சேர்க்கிற அளவுக்கு எனக்குத் தமிழ் வரவில்லை.

கட்டுரை மறுபடி வந்தது. ஏன் என்று மேற்பார்வை அம்மாவைக் கேட்டேன். "சில பேர் பிரமாதங்கறாங்க, சில பேர் பேய்க்கதை, குப்பைங்கறாங்க. ஆளுக்கு ஆள் ஒத்துப்போகலன்னா அந்தக் கட்டுரை சுத்திக்கிட்டேதான் இருக்கும்யா" என்றார். அது அலுவலகக் கணக்கு. எனக்கோ அவளே கதவைத் தட்டுவதுபோல இருக்கிறது. ஒவ்வொரு ஜோடி மாறும்போதும் திரை ஒரு கணம் வெள்ளையாக நிற்கும். அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

சாப்பாட்டு வேளையில் இன்னொன்றும் தெரிந்தது. வரிசையில் மேலே வருகிற பிள்ளைகளை விடுதிப் பள்ளியில் சேர்த்துக்கொள்வார்களாம். "நல்ல பள்ளிக்கூடம்யா. தூரம்தான். வருஷத்துக்கு ரெண்டு தடவைதான் வீட்டுக்கு வரும்" என்றார் அந்த அம்மா.

டப்பாவை மூடிவிட்டேன். அந்தப் பிள்ளை போய்விட்டால் அந்த வீட்டில் கேட்க யார் இருக்கிறார்கள்? அதன் அம்மாவுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்கவில்லை. இருக்கிற ஒரே காது அதுதான்.

அதனால் அடுத்து அது வந்தபோது எதிர்ப் பக்கம் அமுக்கினேன். அது ஒரு குறட்டைக் கட்டுரை. இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தது. மறுபடியும் எதிர்ப் பக்கம். பிள்ளைக்கு என்ன நஷ்டம், சொல். அதே பள்ளிக்கூடம், அதே வீடு. அடுத்த வருஷமும் எழுதும், இன்னும் நன்றாக எழுதும். அதற்குள் அவள் வேறு ஏதாவது பேசியிருப்பாள். நானும் அதற்குள் வேகமாக வாசிக்கப் பழகியிருப்பேன்.

சரிதானே? சரி என்று எழுது.

அத்தான்


ஆகஸ்ட் 3

அத்தானுக்கு,

உங்கள் கடிதம் சில நாள் மேசையில் கிடந்தது. 'சரி' என்று எழுதி அனுப்பிவிடலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா அங்கே இருக்கட்டும், யாராவது கேட்டுக்கொண்டிருக்கட்டும் என்று எனக்கும் தோன்றியது. இதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

பிறகு கட்டுரையை எடுத்தேன். ஆசிரியனாக இல்லை, சும்மா வாசித்தேன். நீங்களும் கடைசி வரிகளை இன்னொரு முறை வாசியுங்கள். பிள்ளை இப்போது பால் சூடு பண்ணுவதில்லை. பள்ளி விட்டு வந்து, பசியோடு, இருட்டும்வரை படியில் உட்கார்ந்திருக்கிறது. சொந்த வீட்டுக்குள் போகப் பயந்து உட்கார்ந்திருக்கிறது. அம்மாவிடம் சொல்லிப் பார்த்தது, எடுபடவில்லை. அதனால் முகம் தெரியாத யாரிடமோ தேர்வுத்தாளில் சொல்கிறது. பயம் என்ற சொல்லைக்கூட எழுதவில்லை. நீங்கள் அவளை வாசித்தீர்கள், பிள்ளையை வாசிக்கவில்லை.

அதுவும் ஒரு கதவைத்தான் தட்டிக்கொண்டிருக்கிறது. நீங்கள் உள்ளே இருந்துகொண்டே திறக்கவில்லை.

அக்காவின் இடத்தில் நின்று யோசியுங்கள். தன் குரலுக்குப் பயந்து ஒரு குழந்தை சாப்பிடாமல் வெளியே உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தால் அக்கா என்ன சொல்லும்? உங்களை என்ன சொல்லும்?

மைத்துனன்


ஆகஸ்ட் 14

மாப்பிள்ளை,

உன் கடிதத்தை மகளிடம் காட்டவில்லை. நானே வாசித்து, நானே திட்டு வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை கட்டுரை கடைசியாக வந்தது, வலது பக்கம். இந்த முறை படிக்கட்டு வரியிலிருந்து ஆரம்பித்தேன். அந்தப் படி எனக்குத் தெரியும். மேலே விளக்கு கிடையாது. வெயில் காலத்திலும் ஈரமாக இருக்கும். உன் அக்கா அதில் ஒரு நிமிஷம் உட்கார மாட்டாள்.

"பெரியவரே, கண்ணுல என்ன?" என்றார் தையல்காரர்.

"கண்ணாடி பவர் மாறிடுச்சு."

"கண்ணாடியத்தான் கழட்டி வச்சிருக்கீங்களே."

வலது பக்கம் அமுக்கினேன். ஆனால் மனது ஆறவில்லை. முன்னால் கவிழ்த்து வைத்தது கவிழ்த்து வைத்ததுதானே. எழுந்து போய் மேற்பார்வை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரிஞ்ச வீடா இருந்தா சொல்லணும்னு முதல் நாளே சொன்னேன்ல?"

"வீடு தெரிஞ்சதுக்காக இல்லம்மா. வீட்டுக்காரியத் தெரியும்."

அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "அந்தக் கட்டுரைக்கு நீங்க அமுக்கினது எல்லாத்தையும் எடுத்துடறேன். தூக்கினதும் போச்சு, இறக்கினதும் போச்சு. வேற ஆளுங்க பாக்கட்டும்" என்றார். அப்படியே எடுத்துவிட்டார். அந்தப் பிள்ளைக்கு நான் நல்லதும் செய்யவில்லை, கெட்டதும் செய்யவில்லை என்று ஆகிவிட்டது. வாசிக்கவே தெரியாமல் இருந்தேனே, அப்போது இருந்த மாதிரி.

வேலை போகவில்லை. கட்டுரைதான் இனி என்னிடம் வராது. மற்ற பிள்ளைகளின் வீடுகளை வாசிக்கிறேன். எந்த வீட்டுச் சமையலறை வந்தாலும் நின்று பார்க்கிறேன், அவள் அங்கே வந்திருப்பாளோ என்று. கண்டக்டர், "என்ன, இறங்க வேண்டிய ஸ்டாப்பத் தவற விட்டுட்டீங்களா?" என்கிறார்.

அத்தான்


செப்டம்பர் 19

அத்தானுக்கு,

முடிவுகள் வந்துவிட்டன என்று செய்தித்தாளில் பார்த்தேன். இனி தடை இல்லை. நேற்று பள்ளி விடும் நேரத்துக்குப் போனேன்.

லிஃப்டில் இப்போது ஆள் கிடையாது, அவரவரே அமுக்கிக்கொள்ள வேண்டும். பதினொன்றில் இறங்கி, மேலே போகும் படியில் ஏறினேன். நடுப்படியில் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு சிறுமி.

"யாரப் பாக்கணும்?"

"இந்த வீட்ல முன்னாடி எங்க அக்கா இருந்தாங்க."

ஏற இறங்கப் பார்த்தாள். "பால் அக்காவா?"

அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். படி நீங்கள் சொன்னபடி ஈரம்தான். விடுதிப் பள்ளியிலிருந்து கடிதம் வந்துவிட்டதாம். அடுத்த மாதம் ஒன்றாம் தேதி போகிறாள். அம்மா ஒரு மாடி துடைத்தால் ஒரு தடவை அழுகிறாராம்.

"உள்ள போக பயமா?" என்று கேட்டேன்.

"முன்னாடி. இப்ப கொஞ்சம்தான். நான் எழுதினத அத்தனை பேர் படிச்சு நம்பிட்டாங்கல்ல."

நீங்கள் வேண்டாம் என்று அமுக்கியதைச் சொல்லவில்லை.

நான் கூட இருந்தால் உள்ளே வருவேன் என்றாள். போனோம். கதவைத் தூக்கி மூடினாள். ஓசை இல்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டு என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பால் எழும்பியது. எனக்கு மோட்டார் ஓசைதான் கேட்டது, அத்தான். எவ்வளவோ கூர்ந்து கேட்டேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"கேட்டுச்சா?"

சரி, தவறு என்று பிள்ளைகளிடம் சொல்லியே வயதானவன் நான். பால் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தேன்.

"கேக்கலையா? பரவால்ல. இன்னைக்கு வேற சொன்னாங்க."

"என்ன சொன்னாங்க?"

"'வந்துட்டியா'ன்னாங்க."

அந்தச் சமையலறையில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும் என்று கேட்டிருந்தேன் அல்லவா? உட்கார்ந்தேன். பிள்ளை எனக்கும் ஒரு தம்ளர் ஊற்றிக் கொடுத்தாள்.

கிளம்பும்போது வாசலில் ஒன்று கேட்டாள். "நான் போயிட்டா அவங்க பேசறது யாருக்கும் கேக்காதே. பாவம், தனியா என்ன பண்ணுவாங்க?" இந்த வீட்டில் இருந்தவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். ஒன்றாம் தேதிக்குள் எழுதுங்கள். தாமதிக்க வேண்டாம்.

தம்பி


செப்டம்பர் 24

மாப்பிள்ளை,

உன் கடிதத்தை வாய்விட்டு வாசித்தேன். உன் அக்கா 'வந்துட்டியா' என்று உன்னிடம் கேட்ட இடத்துக்கு வந்ததும் சத்தத்தை நிறுத்திவிட்டேன். அங்கிருந்து மனதுக்குள்ளேயே வாசித்தேன். மனதுக்குள் வாசிக்க எனக்கு வருகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. உன்னைத்தான் கேட்டிருக்கிறாள், என்னை இல்லை. இருக்கட்டும். நீதானே முதலில் அவள் வீட்டுக் கதவைத் தட்டினவன்.

பிள்ளையிடம் இப்படிச் சொல். என் பெயரைச் சொல்லியே சொல்.

பால் அக்கா தனியாக இருந்து பழகினவர். அவர் வீட்டுக்காரருக்கு விடிந்தால் அடைந்தால் லிஃப்ட்தான். சுவர் நடுங்கினால் ஆள் வேலையில் இருக்கிறான், வந்துவிடுவான் என்று அவருக்குத் தெரியும். அதை வைத்துத்தான் அடுப்பைப் பற்ற வைப்பார். இப்போதும் லிஃப்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்காரருக்கு இன்னும் வேலை முடியவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார். அதனால் அவருக்குப் பயமும் இல்லை, வருத்தமும் இல்லை. நீ பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பு, கண்ணு. போய் வயிறாரச் சாப்பிடு. அங்கே கேட்கிற ஓசைகளை எழுது.

வீட்டுக்காரர் எப்போதுதான் வருவார் என்று அது கேட்கும். கேட்கிற பிள்ளைதான். வாசிக்க வேண்டியதையெல்லாம் வாசித்துவிட்டு வருவார், ஆனால் மெதுவாக வாசிக்கிற ஆள், இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறார் என்று சொல்.

அத்தான்